வேதாகமம் தானாகத் திறந்த பக்கத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்

கடிதம் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. மனைவிதான் வாங்கிப் பிரித்திருக்கிறாள். மாலையில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, "என்னங்க, பிணையாளின்னு உங்க பேரு போட்டு வந்திருக்கு. 4 தவணை பாக்கியாம். யாரோட கடன் இது?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. 13 மாதங்களுக்கு முன்பு சபையில் எனக்கு மூத்த ஒரு சகோதரருக்காக நான் போட்ட கையெழுத்து அது. அவளிடம் சொல்லவில்லை. ஜெபித்துத்தான் போட்டேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வசனத்தைக் கேட்டீங்க, என்னைக் கேட்கலை" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் பெஞ்சைப் பிடித்துச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டார். தொழிலைக் கொஞ்சம் பெரிதாக்கக் கடன் வாங்குகிறார், எல்லாம் தயார், பிணைக்கு ஒருவர் வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துதான் தம்பி. கட்டப்போறது நான்தானே." என் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். நான் ஒருமுறை நோயில் படுத்திருந்தபோது தினமும் வந்து ஜெபித்துவிட்டுப் போனவர். பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் அண்ணா" என்றேன்.

அன்று இரவு நான் ஜெபித்த லட்சணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்தேன். முதலில் வந்தது 1 நாளாகமத்தின் பெயர் வரிசை. அதில் என்ன பதில் எடுப்பது? மறுபடி திறந்தேன். லேவியராகமம், வீட்டுச் சுவரில் தோஷம் வந்தால் ஆசாரியன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி. அதையும் தள்ளிவிட்டேன். மூன்றாவது தடவை மத்தேயு 5 வந்தது. விரலுக்குப் பக்கத்தில் 42ஆம் வசனம்: "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே." உடம்பு சிலிர்த்தது. இதற்கு மேல் கர்த்தர் எப்படிப் பேசுவார் என்று நினைத்தேன். மறுநாளே அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன்.

அந்த மூன்றாவது தடவையின் ரகசியம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் வேதாகமத்தின் முதுகு மத்தேயு 5க்கும் 7க்கும் நடுவில் எங்கோ உடைந்திருக்கிறது. மலைப்பிரசங்கத்தை அத்தனை தடவை விரித்து வைத்துப் படித்திருக்கிறேன். மேஜையில் நிறுத்திக் கையை எடுத்தால் அது தானாக அங்கேதான் விழும். கடிதம் வந்த ராத்திரி தூக்கம் வராமல் நீதிமொழிகளைப் புரட்டினேன். பொன் பூசிய பக்க ஓரங்கள் சில இடங்களில் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. 6ஆம் அதிகாரத்தைப் பிரிக்கும்போது மெல்ல 'சர்ர்' என்று சத்தம் கேட்டது. வாங்கி 8 வருடம் ஆன புத்தகம் அது. அந்த ஓரம் அதுவரை பிரியவே இல்லை.

அந்தப் பக்கத்தில் இருந்தது இது: "என் மகனே, நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, அந்நியனுக்குக் கையடித்துக்கொடுத்தாயானால், நீ உன் வாய்மொழிகளால் சிக்குண்டாய்." இன்னும் தேடினேன். 11:15இல், அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான் என்று இருக்கிறது. 17:18 அப்படிச் செய்கிறவனைப் புத்தியீனன் என்றே சொல்லிவிடுகிறது. 22:26, 27 வசனங்கள் இன்னும் மோசம். கட்ட உன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்களே என்று கேட்கிறது. நான் அப்போது அந்தப் படுக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரே புத்தகத்தில் பிணை என்ற ஒரே விஷயத்தைப் பற்றி இத்தனை இடத்தில் எழுதியிருக்க, பிணை என்ற சொல்லே இல்லாத ஒரு வசனத்தை நம்பி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் மத்தேயு 5:42 தப்பா? அப்படிச் சொல்ல வரவில்லை. "கொடு" என்று இயேசு சொல்வது என் கையில் இருப்பதைப் பற்றி. இருக்கிறது, கொடுக்கிறேன், திரும்பி வராவிட்டால் அவ்வளவுதான். பிணை வேறு சமாச்சாரம். அதில் நான் எதையும் கொடுப்பதில்லை. இன்னொரு மனிதன் அடுத்த 4 வருடம் எப்படி நடந்துகொள்வான், அவன் தொழில் எப்படி ஓடும் என்பதற்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். நாளைய தினத்தைப் பற்றி எனக்கே தெரியாது என்று யாக்கோபு 4:14 சொல்கிறது. அடுத்தவருடைய நாளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இந்த வித்தியாசம் கையெழுத்துப் போடுமுன் தோன்றியிருந்தால், அண்ணனிடம் என்னால் முடிந்த ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வசனத்துக்கும் கீழ்ப்படிந்த மாதிரி ஆகியிருக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவை நான் பெஞ்சைத் தூக்கிய இடத்திலேயே எடுத்துவிட்டேன். முடியாது என்று சொல்லக் கூச்சம். வேதாகமத்தை மூன்று தடவை திறந்ததே அதற்குச் சாட்சி. பதில் வேண்டும் என்று மனதார இருந்தவன் முதல் தடவையிலேயே நிறுத்தியிருப்பான், இல்லாவிட்டால் அந்த முறையே சரியில்லை என்று புரிந்திருப்பான். எனக்குப் பிடித்த வசனம் வரும்வரை திறந்துவிட்டு, வந்ததும் கர்த்தர் பேசினார் என்றேன். நீங்களும் இப்படித் திறக்கிற ஆளாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். திறப்பதற்கு முன்பு, எந்தப் பதில் வந்தால் உங்களுக்குச் சந்தோஷம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை எழுதக் கை தயங்கினால் அந்தத் தயக்கத்தைப் பற்றி முதலில் ஜெபியுங்கள்.

வனாந்தரத்தில் பிசாசு இயேசுவிடம் வசனம் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மை ஏந்திக்கொள்வார்கள் என்று சங்கீதம் 91ஐ எடுத்துச் சொல்கிறான். வசனம் என்னவோ உண்மையான வசனம்தான். இயேசு அதை மறுக்கவும் இல்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். பல தடவை வாசித்துத் தாண்டிப்போன வரி. இந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருந்த மூன்று வருடத்தில்தான் அந்த 'என்றும்' என் கண்ணில் பட்டது. 'என்று' என்று விட்டிருக்கலாம், ஒரு 'உம்' சேர்ந்திருக்கிறது. அதுவும் எழுதியிருக்கிறது, இதுவும் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு வசனம் மனதில் பட்டால் நான் என்னையே கேட்கும் கேள்வி: வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறது? கைப்பேசிச் செயலியில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிட வேலை. காகித வேதாகமம் என்றால், இதே விஷயம் வேறு எங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியக் குறிப்புகள் பக்கத்திலேயே இருக்கும். அவற்றை நான் அதுவரை அலங்காரம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நீதிமொழிகள் 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே கொடு என்கிறது. எழுதினவர் மறந்துபோய் எழுதவில்லை. எந்த மூடன், எந்த நேரம் என்று பார்த்து நடந்துகொள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். 4ஐ மட்டும் கிழித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் குற்றம் யாருடையது? புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களே 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. பவுல் எழுதும்போது எண் கிடையாது. சபையில் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டிய கடிதமாகத்தான் அனுப்பினார். எண்ணைப் பிடித்து ஒரு வரியை மட்டும் உருவிக்கொள்வது நாம் பழகிக்கொண்டது.

சரி, கடனுக்கு வருகிறேன். மொத்தம் 48 தவணை. அண்ணன் 9 கட்டினார். அப்புறம் தொழில் படுத்துவிட்டது. 4 மாதம் கட்டாமல் இருந்தபிறகு எனக்குக் கடிதம் வந்தது. அவருக்கு விஷயம் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. அந்த 4 மாதத்தில் 16, 17 ஞாயிற்றுக்கிழமைகள் வந்திருக்கும், அத்தனையிலும் எனக்குக் கைகொடுத்து ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பணத்தைவிட அதிகம் வலித்தது அந்தக் கைகள்தான்.

கடிதம் வந்த பிறகு நான் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். ஒன்றும் செய்யவில்லை. எரேமியா 29:11ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எதிர்பார்த்திருக்கும் முடிவு, தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். காலையில் அதைச் சொல்வேன், ராத்திரி அதைச் சொல்வேன். கர்த்தர் அண்ணனுடைய தொழிலைத் திறப்பார், கடன் தானாக அடையும் என்று 5 மாதம் காத்திருந்தேன். வந்த கடிதங்களைப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் போட்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன், உண்மையில் பயம். அந்த 5 மாதத்தில் அபராத வட்டி மட்டும் என் அரை மாதச் சம்பளம் அளவுக்கு ஏறியிருந்தது.

அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தபோது வெட்கமாக இருந்தது. எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே 70 வருடம் என்று இருக்கிறது. அதாவது அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் அநேகர் ஊர் திரும்பும் நாளைப் பார்க்கவே போவதில்லை. அவர்களுக்கு 5ஆம் வசனத்தில் சொல்லப்பட்ட வேலை என்ன? வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஆசை காட்டுகிற தீர்க்கதரிசிகளை நம்பாதேயுங்கள் என்று 8, 9இல் எச்சரிப்பும் இருக்கிறது. சீக்கிரம் முடிந்துவிடும் என்று எனக்கு நானே தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். நீண்ட காலம் இருக்கப்போகிறது, எழுந்து அன்றாட வேலையைப் பார் என்று சொல்கிற கடிதத்தை, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

நீதிமொழிகள் 6ஓ நேர் எதிராகப் பேசுகிறது. சிக்கிக்கொண்டாயா, போ, உன்னைத் தாழ்த்து, சிநேகிதனை வருந்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேட்டைக்காரன் கைக்கு மான் தப்புவதுபோல் தப்பு. அந்த அவசரத்தைக் கவனியுங்கள். ஜெபம் பண்ணிக் காத்திரு என்று அங்கே இல்லை. கடைசியில் அண்ணனுக்குக் கடன் கொடுத்த இடத்துக்கு நான் போய் உட்கார்ந்தபோது அந்த அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, "முதல் கடிதம் வந்தப்பவே வந்திருந்தா தவணையைக் குறைச்சுக் காலத்தை நீட்டிக் கொடுத்திருப்போம். இப்ப கணக்கு வேற பிரிவுக்குப் போயிடுச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மீதி 39 தவணையும் என் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றும் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 3 வருடம் 3 மாதம். கூட்டினால் 13 மாதச் சம்பளம், அபராத வட்டி தனி. பிள்ளையின் படிப்புக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தது முதல் வருடத்திலேயே போயிற்று. மனைவி மாலையில் இன்னொரு வேலையைச் சேர்த்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு தவணையையும் எழுதி வைத்தாளே தவிர ஒன்றும் பேசவில்லை.

பிணைக் கையெழுத்தைப் பற்றி யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தவை சில உண்டு. முதலாவது, 'சும்மா ஒரு கையெழுத்து' என்று ஒன்று கிடையாது. அவர் கட்டாவிட்டால் முழுக்கடனும் உங்களுடையது. விவரம் இடத்துக்கு இடம் மாறலாம், ஆனால் அவரிடம் கடைசிவரை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்கள் என்று நம்ப வேண்டாம், எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே போடுமுன் ஒரே ஒரு கணக்கு: முழுத்தொகையையும் நான் கட்ட வேண்டி வந்தால் என் வீடு தாங்குமா? கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28இல் இயேசு சொல்கிறாரே, அந்த உட்காருதலைத்தான் நான் செய்யவில்லை. வீட்டில் இருப்பவர்களோடு உட்கார வேண்டும், அதுவும் போடுவதற்கு முன்பு. அப்புறம், போட்ட தாளின் நகலை வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை. எந்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலேயே ஒரு வருடம் தூங்கியிருக்கிறேன். ஒரு தவணை தவறினாலே எனக்கும் தெரிவிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரசீதையும் உங்கள் பெயர் வரும்படி வாங்குங்கள். பின்னால் அவரிடம் கேட்க அதுதான் ஆதாரம்.

அண்ணனிடம் பேசிய விதத்திலும் நான் தவறினேன். மத்தேயு 18:15 தெளிவாக இருக்கிறது. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் அவனிடத்தில் போ, நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல். நான் அவரிடம் போவதற்கு முன்பு ஜெபக்குழுவில் சொன்னேன். பெயரைச் சொல்லாமல் ஜெபக்குறிப்பாகத்தான். "நம்பின ஒரு சகோதரனால ஒரு பெரிய பணப் பிரச்சினை, ஜெபிச்சுக்கோங்க." கேட்டுக்கொண்டிருந்த 11 பேரில் எத்தனை பேருக்கு ஆள் யார் என்று புரியாமல் இருந்திருக்கும்? கண்ணை மூடி, குரலைத் தாழ்த்திச் சொன்னால் கோள் ஜெபமாகிவிடாது. அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் அந்தக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக்கு நான் தனியாகப் போனபோது கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், கேட்டதற்கெல்லாம் "பார்க்கலாம் தம்பி" என்றார். முதலில் போயிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பார் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

சபையில் ஒரு மூப்பரிடம் போய் நின்றேன். அவர் 1 கொரிந்தியர் 6ஐத் திறந்து 7ஆம் வசனத்தை வாசித்தார். சகோதரனுக்கு விரோதமாய் வழக்காடுவதைப் பார்க்கிலும் "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்று பவுல் கேட்கிற இடம். வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடினார். என் வாயும் மூடிக்கொண்டது. அன்று இரவு அதே அதிகாரத்தை வீட்டில் வாசித்தேன். முந்தி 5ஆம் வசனத்தில் பவுல் சபையைப் பார்த்து, சகோதரருக்குள் வழக்குத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று கேட்டிருக்கிறார். உலக நியாயாதிபதிகளிடம் போகாதேயுங்கள் என்றால், நீங்களே உட்கார்ந்து தீருங்கள் என்பதும் அதில் சேர்ந்துதான் வருகிறது. 5ஐச் செய்யாமல் 7ஐ மட்டும் பாதிக்கப்பட்டவனிடம் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மறுவாரம் இன்னும் இரண்டு பெரியவர்களைக் கேட்டேன். 'இரண்டொருவரை உன்னுடனே கூட்டிக்கொண்டு போ' என்று மத்தேயு 18:16 சொல்கிறபடி அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் மாதம் ஒரு சிறு தொகை தருவதாகத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சில மாதம் வந்தது, சில மாதம் வரவில்லை. எல்லாம் சேர்ந்து என் 2 மாதச் சம்பளம் அளவுக்குத் திரும்பி வந்தது. மீதி 11 மாதமும் சொச்சமும் போனது போனதுதான்.

இந்த வருடங்களில் வேதாகமத்தில் பிணைப்பட்டவர்கள் யார் யார் என்று தேடிப் படித்தேன். யூதா தன் தம்பி பென்யமீனுக்காக உத்தரவாதம் பண்ணுகிறான். ஆதியாகமம் 44இல் சிக்கல் வந்தபோது, தம்பியை விட்டுவிடுங்கள், நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்து நிற்கிறான். பவுல் அடிமையாயிருந்த ஒநேசிமுவுக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். கூடவே, இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்றும் எழுதுகிறார். எபிரெயர் 7:22 இயேசுவையே பிணையாளி என்கிறது. ஆக, பிணை நிற்பதே பாவம் என்று சொல்லவும் இடமில்லை. இவர்கள் மூவருமே என்ன விலை வரும் என்று தெரிந்து, தாங்களே கட்டுவது என்ற முடிவோடு நின்றவர்கள். அவர் கட்டிவிடுவார் என்று நம்பி நின்றவன் நான் ஒருவன்தான்.

மன்னிப்பைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். பரமண்டல ஜெபத்தை மத்தேயு 6:12இல் பார்த்தால், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. சபையில் நாங்கள் சேர்ந்து சொல்லும்போது குற்றம் என்ற சொல்தான் வரும், ஆகவே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. கடனாளி என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த ஜெபத்தைச் சொல்ல முடியாமல் போயிற்று. பல வாரம் அந்த வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் மனைவி கவனித்திருக்கிறாள். கேட்கவில்லை.

என்னைக் கொஞ்சம் இளக்கியது மத்தேயு 18இல் வருகிற உவமை. பதினாயிரம் தாலந்து கடனை ராஜா மன்னித்துவிட, அந்த ஊழியன் வெளியே போய் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அற்பக் காசுக்காகத் தொண்டையைப் பிடித்தான் என்றுதான் எப்போதும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்கு ஒரு நாள் கூலியாகக் கொடுப்பது அந்த வெள்ளிப்பணம் ஒன்றுதான். அப்படியானால் 100 நாள் கூலி. மூன்று மாதத்துக்கு மேல் உழைப்பு. இது அற்பமா? ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம் என்பார்கள், ஆகவே மறுபக்கம் 6 கோடி நாள் கூலி, அதன் முன்னால் இது சிறிதுதான். ஆனாலும் உன் நஷ்டம் ஒன்றுமில்லை என்று ராஜா அந்த ஊழியனிடம் சொன்னதாக இயேசுவின் உவமையில் இல்லை. 'பணம்தானே பிரதர், விட்டுடுங்க' என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கும் 100 நாள் கூலி போனதில்லை. என் நஷ்டத்தை அதன் முழு எடையோடு ஒப்புக்கொண்ட பிறகுதான் மன்னிப்பதற்கு என்று ஏதோ ஒன்று என் கையில் இருப்பதாகத் தோன்றியது.

கடைசித் தவணை கட்டிய அன்று மனைவி நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். அந்த வாரம் அண்ணனிடம் போய், இனி கேட்க மாட்டேன், முடிந்தபோது கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மறுபடி அவருக்குக் கையெழுத்துப் போடுவேனா என்றால் மாட்டேன். மன்னிப்பது வேறு, அடுத்த தாளில் பெயரைப் போடுவது வேறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பரமண்டல ஜெபத்தின் அந்த வரியை இப்போது சொல்கிறேன். சில ஞாயிறுகளில் குரல் சரியாக வராது, ஆனாலும் சொல்கிறேன்.

போன மாதம் சபையில் ஒரு இளைஞர் பிணைக்குக் கேட்டார். நல்ல பிள்ளை, அவசரமான தேவை. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறக்கவில்லை. நானும் மனைவியும் மேஜையில் உட்கார்ந்தோம், அவள் நோட்டை எடுத்தாள், எங்களால் திரும்ப எதிர்பார்க்காமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டோம். அரை மாதச் சம்பளம் வந்தது. உறையில் போட்டு அவரிடம் கொடுத்து, இது கடன் இல்லை, ஆனால் கையெழுத்து என்னால் முடியாது தம்பி என்றேன். வாங்கிக்கொண்டார். முகம் வாடித்தான் போயிற்று. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்குச் சொல்லும் ஸ்தோத்திரம் கொஞ்சம் சுருதி இறங்கித்தான் வருகிறது.